நாற்பத்திரண்டாவது சீட்டு

நாற்பது பேரும் பத்துக்குப் பத்து எழுதியிருந்தார்கள்.

கெஸியா தாள்களை மேசைமேல் தட்டி ஒழுங்குபடுத்தி, மறுபடி ஒருமுறை எண்ணினாள். நாற்பது தாள், நாற்பது பத்து. 'இன்று உங்கள் காலில் வலி எவ்வளவு? பூஜ்யம் முதல் பத்துக்குள் எழுதவும்' என்ற ஒற்றை வரியை அவள் மூன்று நாள் யோசித்து, நான்கு முறை திருத்தி எழுதியிருந்தாள். வலியே இல்லையென்றால் பூஜ்யம், தாங்க முடியாத வலி என்றால் பத்து என்ற விளக்கம் தாளின் பின்பக்கத்தில் இருந்தது. ஒருவரும் தாளைத் திருப்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

தப்பு தன்னுடையதுதான் என்று நினைத்தாள். விளக்கத்தை முன்பக்கத்திலேயே போட்டிருக்க வேண்டும்.

கரடிமட்டம் ராணுவப் பயிற்சி முகாம் மஞ்சூர் சாலையில், தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே இருந்தது. கெஸியா அங்கே காயத் தடுப்புத் திட்டத்துக்காக ஆறு மாத ஒப்பந்தத்தில் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட். மூன்றாம் பிளட்டூனின் நாற்பது ரெக்ரூட்டுகளும் எலும்போ தசையோ மூட்டோ பழுதாகாமல் பயிற்சியை முடிக்கப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. போன பேட்சில் நான்கு பேருக்கு முட்டிக்குக் கீழே, கணைக்கால் எலும்பில் விரிசல் விழுந்திருந்தது. நான்கு பேரும் வாரக்கணக்கில் வலியை மறைத்தவர்கள். சொன்னால் ஓய்வு கொடுப்பார்கள். ஓய்வு எடுத்தால் பேட்ச் தள்ளிப்போகும். கூட வந்தவர்கள் சிப்பாய்களாக அணிவகுத்துப் போகும்போது தான் மட்டும் புதிதாக வந்தவர்களோடு முதல் பாடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்தப் பயம்தான்.

ஹவில்தார் பாலசுப்பிரமணியம் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார். கோபிக்காரர். மூன்றாம் பிளட்டூனின் பயிற்சியாளர். ரெக்ரூட்டுகள் ராணுவ வழக்கப்படி அவரை உஸ்தாத் என்பார்கள். கெஸியாவும் அப்படியே கூப்பிடப் பழகியிருந்தாள்.

"ஏனுங்க மேடம், என்ற பசங்க எப்படி எழுதியிருக்கறானுங்க?"

"எல்லாரும் பத்துக்குப் பத்துங்க உஸ்தாத்."

ஹவில்தாரின் மீசை ஒரு சுற்று உயர்ந்தது. "நேத்தே சொல்லிப் போட்டேனுங்க. ஒருத்தனும் ஒம்போது வாங்கிட்டு வந்து என்ற மூஞ்சில முழிக்கக் கூடாதுன்னு."

"இது மார்க் இல்லைங்க. வலி. பத்துன்னா கால் உடைஞ்ச மாதிரி வலிக்குதுன்னு அர்த்தம்."

அவர் தாள்களைப் பார்த்தார். "அப்ப நாப்பது பேருக்குமே காலு உடைஞ்சு போச்சுங்களா?"

கெஸியா பதில் சொல்வதற்குள் வெளியே சைரன் கேட்டது. தாள்கள் அவள் கைக்கு வருவதற்கு முன்பே அலுவலக கிளார்க் எண்களைக் கணினியில் ஏற்றி, மருத்துவப் பிரிவுக்கு அனுப்பியிருந்தார். எதையும் தள்ளிப்போடாத மனிதர். இரண்டு ஆம்புலன்ஸ்கள் மைதானத்தில் வந்து நின்றன. ஸ்ட்ரெச்சர்களோடு குதித்தவர்கள் கால் உடைந்த நாற்பது பேரைத் தேடினார்கள். அந்த நாற்பது பேரும் கபடி ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் அவள் எண்களைக் கைவிட்டு நிறங்களுக்கு மாறினாள். வலி இல்லாதவர்கள் தங்கள் பெயருக்கு எதிரே பச்சைப் பொட்டு ஒட்ட வேண்டும். கொஞ்சம் வலி என்றால் மஞ்சள், அதிக வலி என்றால் சிவப்பு. இந்தத் தடவை விளக்கம் முன்பக்கத்திலேயே இருந்தது, பெரிய எழுத்தில், அடிக்கோடு போட்டு.

நாற்பது பெயருக்கும் எதிரே சிவப்பு.

"நம்ம பிளட்டூன் கொடி சிவப்புங்களே மேடம்," என்றார் ஹவில்தார், இதுகூடத் தெரியாதா என்பதுபோல. "மஞ்சள் ஒண்ணாவது பிளட்டூனுக்கு, பச்சை ரெண்டாவதுக்கு. என்ற பையன் கைல பச்சைப் பொட்டக் குடுத்து ஒட்டச் சொன்னா ஒட்டுவானுங்களா? செத்தாலும் ஒட்ட மாட்டான்."

அப்போதுதான் கெஸியா ஒரு முடிவுக்கு வந்தாள். ஆளைக் கேட்டுப் பயனில்லை. காலைத்தான் கேட்க வேண்டும்.

முகாம் கேன்டீனில் ரெக்ரூட்டுகள் போடும் அதே பூட்டில் ஒரு ஜோடி வாங்கினாள். அவர்கள் எதைப் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள் என்று தெரியாமல் யோசனை சொல்வது சரியில்லை என்று தோன்றியது. பிளட்டூனுக்கு அவள் போட்டுக் கொடுத்த அட்டவணை நிதானமானது. முதல் மாதம் மூட்டையில்லாத நடை, பிறகு ஐந்து கிலோ, பிறகு எட்டு, மூன்று நாளைக்கு ஒரு நாள் கால்களுக்கு ஓய்வு. அவர்கள் அதன்படி இரண்டு மாதமாகப் பழகி ஆறு கிலோமீட்டர் வந்திருந்தார்கள். அவள் முதல் நாளே அவர்கள் பின்னால் ஆறு கிலோமீட்டர் நடந்தாள். பூட் கடித்தது. புது பூட் கடிக்கத்தான் செய்யும்.

ஆனால் அந்த நடையை அவள் ஒரு நாளும் தவறவிட விரும்பவில்லை. நாற்பது பேர் தோளில் மூட்டையோடு வளைவு திரும்பும்போது நாற்பது பூட்டும் ஒரே பூட்டாகத் தரையில் விழும். கொழுந்து பறிப்பவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். மஞ்சூர் பஸ் டிரைவர் ஹாரன் அடிக்காமல் பின்னாலேயே பொறுமையாக வருவார். இரண்டு மாதத்துக்கு முன் ஷூ லேஸ் கட்டத் தெரியாமல் வந்த பையன்கள் இவர்கள். காலடிச் சத்தத்துக்காக ஜாக்கெட் பாக்கெட்டில் ஃபோனைப் பதிவில் போட்டுவிட்டு, வரிசைக்குப் பின்னால், அதே தாளத்தில் அவளும் நடப்பாள்.

பத்தாவது நாள் பதிவில்தான் அது முதலில் கேட்டது.

டக், டக், டக், ட-டக்.

நான்கு அடிக்கு ஒருமுறை ஒரு கால் மட்டும் சற்றே பிந்தி விழுந்தது. அவள் அதை முகாமில் கேட்டாள், பஸ்ஸில் கேட்டாள். வீட்டில் வெந்நீர் வாளிக்குள் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு, காதில் வயரை மாட்டிக்கொண்டு கேட்டாள்.

"யாருக்கோ கால் வலிங்கற, நீ எதுக்குச் சாமி வெந்நீர்ல உக்காந்திருக்க?" என்றாள் அம்மா செலஸ்டின்.

"குளிருதும்மா."

"நாளைக்கு ஒரு நாள் லீவு போடேன்."

"அதெல்லாம் முடியாதும்மா. ஒப்பந்தத்துல களத்துல இருக்கணும்னு இருக்கு. நான் படுத்துட்டா இத்தோட திட்டத்தையே மூடிடுவாங்க. அந்தப் பையனை யார் கண்டுபிடிக்கிறது?"

சர்ச் ஹாலில் நடக்கும் மாலை இந்தி வகுப்பிலும் அது அவளை விடவில்லை. ஒன்று முதல் பத்து வரை சொல்லச் சொன்ன டீச்சரிடம், "ஏக், தோ, தீன், சா-சார்" என்று நொண்டி நொண்டிச் சொன்னாள். வகுப்பே சிரித்தது.

மறுநாள் ஹவில்தாரிடம் போட்டுக் காட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சத்தத்தை வைத்தே எவன் பூட்டின் குதியில் இரும்பு லாடம் தளர்ந்திருக்கிறது என்று சொல்லக்கூடியவர்.

"ஆமாங்க," என்றார் கடைசியில். முகம் வாடிவிட்டது. "ஒருத்தன் இடது காலை இழுக்கறான். என்ற பிளட்டூன்லங்களா இப்படி?"

"இது கணைக்கால் எலும்புங்க உஸ்தாத். காலைல எந்திரிச்சு முதல் பத்து அடி வலிக்கும், அப்பறம் விட்டுடும். சரியாயிருச்சுன்னு நினைச்சு மறுபடி நடப்பாங்க. இப்ப ஓய்வு குடுத்தா சில வாரத்துல ஆறிடும். விட்டா விரிசல் விழுந்துடும். அடுத்த வாரம் சனிக்கிழமை இருபது கிலோமீட்டர் நடை இருக்கு. அந்தக் கால் தாங்காது."

"சத்தம் பக்கத்துல கேக்குதுங்க. கடைசி ஆளாத்தான் இருக்கோணும்."

கடைசி ஆள் அஸ்வந்த். அன்னூரிலிருந்து வந்தவன், உயரமானவன், அதிகம் பேசாதவன். கெஸியா அவன் இரண்டு கால்களையும் அழுத்திப் பார்த்தாள். வளைத்துப் பார்த்தாள். குந்தி எழச் சொன்னாள்.

"வலிக்குதா அஸ்வந்த்?"

"இல்லைங்க மேடம்."

"பயப்படாம சொல்லு."

"நெசமாலுமே இல்லைங்க. ஆனா அந்தச் சத்தம் வந்துங்க மேடம்…"

"டேய், கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு," என்றார் ஹவில்தார். "மேடத்துக்கே பாடம் எடுக்கறயா?"

அஸ்வந்த் வாயை மூடிக்கொண்டான். அவனை வரிசையின் முதல் ஆளாக மாற்றினார்கள். அன்றைய பதிவில் சத்தம் அதே இடத்தில், அதே அளவில் கேட்டது. ஆக, அவன் இல்லை. கெஸியா நோட்டில் அவன் பெயரை அடித்துவிட்டு, பக்கத்தில் 'மன்னிப்புக் கேட்க வேண்டும்' என்று குறித்துக்கொண்டாள்.

இனி ஒழுங்காகத் தேட வேண்டும் என்று தீர்மானித்தாள். நாற்பது பேரை இருபது இருபதாகப் பிரித்து, தனித்தனியே நடக்கவிட்டு, இரண்டு குழுவின் பின்னாலும் நடப்பது. சத்தம் எந்தக் குழுவில் கேட்கிறதோ அதை மறுபடி இரண்டாகப் பிரிப்பது. நான்கைந்து நாளில் ஒரே ஆளிடம் வந்து நின்றுவிடலாம். எளிய கணக்கு.

முதல் குழுவில் சத்தம் கேட்டது. அப்பாடா என்றிருந்தது. அன்று மதியம் இரண்டாம் குழுவிலும் கேட்டது.

"ரெண்டு பேருங்களா?" என்றார் ஹவில்தார்.

"அப்படித்தான் தெரியுது."

நான்கு பத்துகளாகப் பிரித்தாள். நான்கிலும் கேட்டது.

எட்டு ஐந்துகளாகப் பிரித்தாள். குழுவுக்கு இரண்டு கிலோமீட்டர் வீதம் எட்டு முறை நடந்தாள். எட்டிலும் கேட்டது. முன்பைவிடத் தெளிவாக, பலமாகக் கேட்டது.

"ஏனுங்க மேடம், நீங்க பிரிக்கப் பிரிக்க நொண்டறவனுங்க ஏறிட்டே போறானுங்களே," என்றார் ஹவில்தார். "இன்னும் பிரிச்சா நானும் நொண்டுவேனாட்ட இருக்குது."

மேற்கொண்டு பிரிக்க நேரமில்லை. வேறு வழி சொன்னாள் கெஸியா. ஒற்றைக் காலில் பத்து முறை குதிக்கச் சொன்னால் போதும். கணைக்காலில் பிரச்சினை இருப்பவனால் குதிக்க முடியாது, முகமே காட்டிக்கொடுத்துவிடும். நாற்பது பேரும் மைதானத்தில் நின்றார்கள்.

"மேடம் செஞ்சு காட்டுவாங்க," என்றார் ஹவில்தார்.

கெஸியா தன் பூட்டைப் பார்த்தாள். "நீங்களே காட்டுங்க உஸ்தாத். உங்களைப் பார்த்தாத்தான் அவங்களுக்கு உறைக்கும்."

அது அவருக்குப் பிடித்திருந்தது. மீசையைத் தடவிவிட்டு, இடது காலைத் தூக்கி, வலது காலில் குதித்தார். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் கூழாங்கல் ஒன்று குறுக்கிட்டது. கணுக்கால் மடங்கிய சத்தம் மூன்றாவது வரிசைவரை கேட்டது. அவர் முகம் மாறவில்லை. மீதி ஏழையும் குதித்து முடித்தார்.

"இப்படித்தான்டா குதிக்கோணும்," என்று சொல்லிவிட்டு, நின்ற இடத்திலேயே அரை மணி நேரம் நின்றார். ரெக்ரூட்டுகள் நாற்பது பேரும் குறையில்லாமல் குதித்தார்கள். ஒருவன் முகமும் சுளிக்கவில்லை. எல்லாரும் போன பிறகு கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நகர்ந்தவரை கெஸியா வழிமறித்தாள்.

"உஸ்தாத், பூட்டைக் கழட்டுங்க."

"ஒண்ணியுமில்லைங்க. லாடம் கொஞ்சம் தளர்ந்து போச்சு."

"கழட்டுங்க."

கணுக்கால் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. கெஸியா கட்டுப் போட்டுக்கொண்டே பேசினாள். அவளுக்கே ஆச்சரியமாக இருக்கும் அளவுக்குக் கோபமாகப் பேசினாள். "உங்களையே பார்த்துட்டு நாப்பது பேர் நிக்கறாங்க. நீங்களே வலியை மறைச்சா அவங்க எப்படிச் சொல்லுவாங்க? அடிபடறது தப்பில்லைங்க. அதை மறைக்கிறதுதான் தப்பு. மறைச்சு நடக்கற ஒவ்வொரு நாளும் கெடுதல். இதுகூடப் புரியலையா?"

ஹவில்தார் தலையைக் குனிந்து கேட்டார். அவர் பார்வை அவள் பூட்டுகளின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "புரியுதுங்க மேடம்," என்று மட்டும் சொன்னார்.

புதன்கிழமை முகாம் தலைவர் கர்னல் ஜெஃப்ரி கூப்பிட்டனுப்பினார். அவள் தினமும் அனுப்பிய அறிக்கைகள் அவர் மேசையில் வரிசையாக இருந்தன.

"போன வாரம் ஒருத்தர். திங்கக்கிழமை ரெண்டு. அப்பறம் நாலு. நேத்து எட்டு," என்றார். "கூடவே பயிற்சியாளருக்குக் கணுக்கால் சுளுக்கு. காயத்தைத் தடுக்கத்தானே உங்களைச் சேர்த்தோம்?"

"ஆமாங்க சார்."

"அந்த எட்டுப் பேர் யாருன்னு வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள தெரியணும். தெரியலைன்னா மூணாவது பிளட்டூன் சனிக்கிழமை நடைக்குப் போகாது. கால் உடைய நான் விட மாட்டேன். உங்க திட்டமும் இந்த பேட்ச்சோட முடியும்."

பிளட்டூன் நடைக்குப் போகாவிட்டால் சிறந்த பிளட்டூனுக்கான அந்த வருடக் கொடி அவர்களுக்குக் கிடையாது. அவளால்தான் போயிற்று என்றாகும். ஆனாலும் வந்ததிலிருந்து கேட்க நினைத்து, தனக்கு என்ன தகுதி என்று தயங்கிய ஒன்றை அப்போது கேட்டாள்.

"சார், ஒரு உத்தரவு வேணும். வலியைச் சொன்னா பேட்ச் போகாதுன்னு. சீக்கிரமே சொல்றவங்களுக்கு ஓய்வு போதும், அதுக்குள்ள உடம்பு தேறிடும். விட்ட பாடத்தைக் கூடுதலா எடுத்து முடிக்கலாம். எப்படின்னு அட்டவணை போட்டிருக்கேன். பதினோரு பக்கம்."

கர்னல் பதினோரு பக்கத்தையும் படித்தார். பிறகு பேனாவை எடுத்தார். "உத்தரவை நீங்களே எழுதிட்டு வாங்க. கையெழுத்துப் போடறேன்."

அவள் எழுதினாள். 'ரெக்ரூட்' என்று முதலில் எழுதியிருந்ததை அடித்தாள். பயிற்சியாளருக்கும்தானே அடிபட்டது? சமையல்காரருக்கு அடிபட்டால்? எதையும் விட்டுவிடக் கூடாது. ஐந்தாவது முறை திருத்தியபோது இப்படி வந்தது: 'இம்முகாமில் உள்ள எவரும், தன் வலியையோ உடனிருப்பவர் வலியையோ, வெள்ளிக்கிழமைக்குள் தெரிவித்தால், அந்தக் காரணத்துக்காக ஒருவரும் தம் இடத்தை இழக்க மாட்டார்.'

கர்னல் கையெழுத்துப் போட்டார். அறிவிப்புப் பலகைக்குக் கீழே, மூடியில் ஓட்டை போட்ட வர்க்கி பிஸ்கட் டப்பா ஒன்றை வைத்தாள். ஆளுக்கு ஒரு சீட்டு, பெயர் எழுத வேண்டியதில்லை. எந்த இடம், எத்தனை நாள், ஏன் சொல்லவில்லை. இவ்வளவுதான் சீட்டு.

வியாழக்கிழமை டப்பாவில் மூன்று சீட்டுகள் இருந்தன. ஒன்றில் 'பரோட்டாவுக்குச் சால்னா கெட்டியாக வேண்டும்.' இன்னொன்றில் 'ஞாயிறு ஃபோன் நேரம் பத்து நிமிடம் கூட்டித் தரவும்.' மூன்றாவதில் 'உஸ்தாத் பாட்டுப் பாடி எழுப்புவதை நிறுத்த வேண்டும்.'

"இது நம்ம பையன் லியோ கையெழுத்துங்க," என்றார் ஹவில்தார்.

வெள்ளிக்கிழமை காலை அணிவகுப்பில் ஹவில்தாரைக் காணோம் என்று எல்லாரும் பார்த்தபோது, அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, வெளிப்படையாகவே நொண்டியபடி வந்தார். பிளட்டூனுக்கு முன்னால் அதைப் போட்டு உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலை நீட்டினார். இருபத்தோரு வருட சேவையில் அவர் ரெக்ரூட்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

"பாருங்கடா. வலது கணுக்காலு. மூணு நாளாச்சு. பத்துக்கு ஆறு. மார்க் இல்லடா, வலி." கட்டைத் தொட்டுக் காட்டினார். "உங்க முன்னாடி கௌரவம் போயிருமோன்னு மறைச்சேன். தப்பு. மேடம் பேசின பேச்சுல மூணு நாளாத் தூக்கமில்ல. இப்ப எழுதிப் போடறேன். அப்பறம் உங்க இஷ்டம்."

சீட்டை எழுதி, நொண்டிக்கொண்டே போய் டப்பாவில் போட்டார். கெஸியா வேறு பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மாலை நான்கு மணிக்கு கர்னல் வந்தார். பிளட்டூன் நின்றது. கெஸியா டப்பாவைத் திறந்து சீட்டுகளை மேசைமேல் கொட்டினாள். பிரித்தாள், படித்தாள், அடுக்கினாள். முப்பத்தைந்து சீட்டில் 'வலி இல்லை' என்றிருந்தது. சாதாரணமாக, ஆடம்பரமில்லாமல், பூஜ்யம். மீதியில் விவரம் இருந்தது. வலது குதிகால், நான்கு நாள். இடது முட்டி, படி இறங்கும்போது மட்டும். தோள்பட்டை, மூட்டை வார் அழுத்தும் இடம். தொடை. முதுகு. எல்லாம் தொடக்கத்திலேயே பிடிபட்டவை, சீக்கிரம் ஆறக்கூடியவை.

"சார்," என்றாள் கெஸியா. அவள் குரல் நிமிர்ந்திருந்தது. "போன பேட்ச்ல கால் உடையற வரைக்கும் யாரும் சொல்லலை. இந்த பேட்ச்ல அஞ்சு பேர் தாங்களாவே சொல்லியிருக்காங்க. அஞ்சு பேருக்கும் எதுவும் கெட்டுப்போகலை."

"எட்டுன்னு சொன்னீங்க."

"என் கணக்கு தப்புங்க சார். ஆனா இழுத்து நடக்கற கால் இந்த அஞ்சுல இல்லை. அதுவும்…" அவள் மறுபடி எண்ணினாள். இன்னொருமுறை எண்ணினாள். "ரெக்ரூட் நாப்பது. உஸ்தாத் ஒண்ணு. நாப்பத்தொண்ணு வரணும். நாப்பத்திரண்டு இருக்கு."

கடைசிச் சீட்டு நான்காக மடித்திருந்தது. பிரித்து உரக்கப் படித்தாள்.

"'இடது கால், முட்டிக்குக் கீழே. இருபத்து மூன்று நாள் நடந்ததில் வந்தது. உட்கார்ந்து எழுந்தால் முதல் பத்து அடி எதையாவது பிடித்துக்கொண்டுதான் நடக்கிறது. பத்துக்கு எட்டு இருக்கும். ஏன் சொல்லவில்லை: எங்கள் பேட்சைப் பாதியில் விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்குமோ என்ற பயம்.'"

கெஸியா சீட்டை கர்னலிடம் நீட்டினாள். "இவன்தான் சார். இந்தக் கால்தான். ரெண்டு வாரமாத் தேடறேன்."

கர்னல் பிளட்டூனைப் பார்த்தார். "இதை எழுதினது யார்? உத்தரவு பலகையில இருக்கு. என் கையெழுத்து அது. இடம் போகாது. முன்னால வா."

நாற்பது பேரும் அசையாமல் நின்றார்கள். பிறகு அஸ்வந்த் ஒரு எட்டு முன்னால் வைத்தான்.

"நீயாடா?" என்றார் ஹவில்தார். அவர் குரலில் திட்டைவிடப் பெருமைதான் அதிகம் இருந்தது. "அன்னிக்கே இல்லைன்னு சாதிச்சயேடா."

கெஸியா மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சில அடிகள் மேசையோரமாகவே நடந்து, அவன் முன்னால் போய் மெல்ல மண்டியிட்டாள். அவன் இடது காலின் எலும்பைக் கட்டைவிரலால் மேலிருந்து அழுத்திக்கொண்டே வந்தாள்.

"இங்கயா?"

"இல்லைங்க மேடம்."

"இங்க?"

"இல்லைங்க."

"இதுக்குக் கீழயா?"

"அங்கயும் இல்லைங்க மேடம்."

"அப்பறம் எங்கதான் அஸ்வந்த் வலிக்குது? எழுதிக் குடுத்த பிறகும் மறைச்சா எப்படி? இந்தப் பிளட்டூன்லயே தைரியமான சீட்டு இதுதான். அதை எழுதினவன் இப்ப பயப்படலாமா?"

அஸ்வந்த் உஸ்தாத்தைப் பார்த்தான். இந்தத் தடவை அவர் அவனை அடக்கவில்லை. பேசு என்பதுபோலத் தலையசைத்தார்.

"சீட்டு மட்டுந்தானுங்க மேடம் என்னுது," என்றான் அஸ்வந்த். "காலு உங்களுது. ஃபோன் உங்க பாக்கெட்டுலதானுங்களே இருந்துச்சு."